பின்வார் வைத்த செருப்பு

இடது செருப்பின் முனை மட்டும் ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று என் மனைவிதான் முதலில் கேட்டாள். முதுகில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்தியதில், பாதம் மேலே தூக்க வராமல் தொங்கிப் போயிருந்தது. ஃபுட் டிராப் என்றார் டாக்டர். அப்போது அறுபதைத் தாண்டியிருந்தேன். இப்போது எழுபத்தைந்தும் போய்விட்டது. அந்தக் காலோடுதான் காலையில் வைகைக் கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன்.

எல்லோருக்கும் இது முதுகிலிருந்தே வருவதில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், கைக்கு ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலில் மணிக்கணக்காகக் குத்தவைத்து வேலை பார்க்கிறவர்களுக்கும், கால்மேல் கால் போட்டே உட்காருகிறவர்களுக்கும் அங்கே அழுத்தம் விழலாம். சர்க்கரையும் தொழுநோயும்கூட நரம்பைக் கெடுக்கும். பாதம் திடீரென்று தூக்க வரவில்லை என்றால் தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. கூடவே சிறுநீர் போவதில் தொந்தரவு இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எனக்கு ஏ.எஃப்.ஓ. கொடுத்தார்கள். கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கி உள்ளங்காலில் மடங்கும் பிளாஸ்டிக் பட்டை அது. கணுக்காலை நேராக நிறுத்திவைப்பதால் விரல் தரையில் இடறாது. ஆனால் அதை மாட்டினால் பழைய ஷூ ஏறாது, ஹவாய் செருப்போ நழுவி ஓடும். பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். பட்டையோடு என் காலைத் தன் மடியில் வைத்து அளந்தார். “ஐயா, பின்னாடி வார் இல்லாம நீங்க நடக்கவே கூடாது. ஆணி அடிக்க மாட்டேன், தைச்சே தர்றேன்” என்றார். தைத்து முடித்ததும் கட்டைவிரலைச் செருப்புக்குள் விட்டு ஓரமெல்லாம் தடவினார். ஓரிடத்தில் நூல்முடிச்சு தட்டியது. அதைப் பிரித்து மறுபடியும் தைத்தார்.

அந்தக் கட்டைவிரலின் அருமை பிற்பாடு பால் பிராண்ட் பற்றிப் படித்தபோது புரிந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்களை நோய் தின்னவில்லை, உணர்ச்சியற்ற கைகால்களில் தெரியாமல் படும் காயங்களே அழிக்கின்றன என்று ஊருக்கு உரைத்தவர். தொங்கிய பாதத்துக்குக் காலின் வேறொரு தசைநாரை முன்பக்கம் மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சையும், எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் வேலூரிலும் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் எத்தனையோ பேரை நடக்க வைத்தன. கத்தி பிடித்த கைக்குச் சமமாகச் செருப்பு தைத்த கையையும் மதித்த இடங்கள் அவை.

பயிற்சியும் விடக் கூடாது. காலை நீட்டி உட்கார்ந்து, குளிக்கும் துண்டை விரல்களுக்குக் கீழே கொடுத்து, முட்டி மடங்காமல் என் பக்கமாக இழுத்து, முப்பது எண்ணும்வரை பிடித்துக்கொள்வேன். விட்டுவிட்டால் குதிகால் தசைநார் இறுகிப்போகும். பிறகு எந்தப் பட்டையும் பொருந்தாது. இரவில் பட்டையைக் கழற்றியதும் தோலைப் பார்க்கிறேன். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லையென்றால் பட்டையைச் சரிசெய்யக் கொடுத்துவிடுவேன். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நம்மூரில் இன்னொரு சிரமம், வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். சித்திரை வெயிலில் கோவில் கல்தரை கொதிக்கும், அதனால் மீனாட்சியம்மன் கோவிலுக்கு விடியற்காலையிலேயே போய்விடுகிறேன். சொந்தக்காரர் வீடு என்றால், வீட்டுக்குள் மட்டும் போடும் பின்வார் ஜோடி ஒன்றைப் பையில் கொண்டுபோகிறேன். நிலைப்படி தாண்டுமுன் உட்கார்ந்து மாற்ற ஒரு ஸ்டூல் கேட்கிறேன். மாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சில வீடுகளில் நான் வருகிறேன் என்று தெரிந்தாலே ஸ்டூலை வாசலில் போட்டுவிடுகிறார்கள்.