வாசலில் நிற்கும் தாய்

பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டில் நமக்கென்ன வேலை என்கிறீர்களா? ஜப்பானின் 'டிராகன் குவெஸ்ட்' வரிசையில் இரண்டை ஆடிப் பார்த்தேன்; சொல்கிறேன், கேளுங்கள்.

1988-இல் வந்த மூன்றாம் பாகத்தில், 16-ஆம் பிறந்த நாளன்று தாயே பிள்ளையை எழுப்பி அரசனிடம் அனுப்பி வைக்கிறாள். அவள் கணவனும் அப்படிப் போய்த் திரும்பாதவன்தான்! சத்திரங்களில் படுக்கக் காசு கொடுக்கவேண்டும். தாய் வீட்டிலோ இலவசம். கடைசியில் பிள்ளைக்கு வெற்றி. ஆனால் வீடு திரும்பும் வழி அடைபட்டுப் போகிறது.

1992-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் கதாநாயகனுக்குக் கல்யாணமே நடக்கிறது. மனைவியும் களத்தில் உடன் நின்று போரிடுகிறாள். கல்லாகிப்போன தகப்பனை இரட்டைக் குழந்தைகள் தேடி வந்து மீட்கிறார்கள்.

குடும்பமே சேர்ந்து போராடும் ஐந்தாவதுதான் உசத்தி என்பேன். ஆனாலும், சகோதரிகளே, வெற்றிச் செய்தியை அந்தத் தாயிடம் யார் போய்ச் சொல்வது?