முதல் பக்கமும் முதல் பாடமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவி எழுதியது)

“படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.” எங்கள் வீட்டில் அடிக்கடி காதில் விழும் வாசகம் இது. அந்தப் படித்த பிள்ளை வேறு யாருமல்ல, நான்தான். அப்பா பொத்தேரி இரயில் நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டுத் திண்ணையில் இட்லி விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். எனவே, வங்கிப் படிவமானாலும் ரேஷன் கடைக் குறுஞ்செய்தியானாலும் என் சொல்லே முடிவான சொல். அந்தச் சொல்லை நான் ஒருமுறை தவறாகச் செலவழித்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் சிரித்தாலும் சரி, சிந்தித்தாலும் சரி!

என் தாய்மாமன் மாமல்லபுரத்தில் கற்சிற்பி. ஐந்து ரதம் செல்லும் சாலையோரம் கீற்றுக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. 1957-இல் அங்கே தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரியில் அவர் படித்ததில்லை. தாத்தாவின் கையைப் பார்த்துக் கற்றவர். கருங்கல்லைத் தொடுமுன் சுத்தியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். கணீரென்று ஒலித்தால்தான் செங்காவியால் கோடு போடுவார். ஓசை மழுங்கினால், “உள்ளே விரிசல் இருக்கு, பாப்பா” என்று ஒதுக்கிவிடுவார்.

2020-இல் வந்த கொரோனா ஊரடங்கில் வெளிநாட்டுப் பயணிகள் நின்றுபோனார்கள். அதற்குப் பின் கூட்டம் திரும்பியது. ஆனால் மாமாவின் பட்டறைக்குத் திரும்பவில்லை. சிலை வேண்டுவோர் இப்போது ஊருக்கு வருமுன்பே கைப்பேசியில் தேடிவிடுகிறார்கள். தேடினால் முதலில் வருவது பெரிய வியாபாரிகளின் கடைகள். உளி பிடிப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் வேறொருவர்!

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், “மாமா, உங்களுக்கு நான் ஓர் இணையதளம் செய்து தருகிறேன்” என்றேன். மாமா உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அதெல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்? நீ சொன்னா சரி” என்றார். பத்தே நாளில் செய்து முடித்தேன். ஆனால் தேடினால் எங்கள் பக்கம் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது. அப்போதுதான் விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஓர் இடைத்தரகரை அழைத்தேன். “பதினைந்தாயிரம் கொடுங்கள். இரண்டே மாதத்தில் முதல் பக்கம். ஆயிரம் இணைப்புகள், நூறு பாராட்டுரைகள், எல்லாம் எங்கள் பொறுப்பு” என்றார். மாமாவிடம் பணம் இல்லை. அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். படித்த பிள்ளை சொல்கிறதே!

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்தேன். மாமாவின் சிலைகளை நான் எடுத்த படங்கள் மங்கலாக இருந்தன. எனவே வேறு தளங்களிலிருந்து அழகான சில படங்களை எடுத்து ஒட்டிவிட்டேன். “எல்லாம் கருங்கல் சிலைதானே, யாருக்குத் தெரியப்போகிறது?” என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தளம் உண்மையிலேயே மேலே ஏறியது. ஐந்தாம் வாரம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழர் அழைத்தார். மூன்றடிப் பிள்ளையார் வேண்டும் என்றார். தளத்தில் உள்ள அதே பிள்ளையார், அதே வளைந்த துதிக்கை. நான் மகிழ்ச்சியோடு கைப்பேசியை மாமாவிடம் நீட்டினேன். படத்தைப் பார்த்த மாமாவின் முகம் மாறிவிட்டது.

“ஐயா, மன்னிக்கணும். இது என் உளி பட்ட கல்லு இல்லீங்க” என்றார்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. மாமா என்னைத் திட்டவில்லை. “அடுத்தவன் வேலையை என் பேர்ல போட்டுட்டியேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துத் தளம் தேடலிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. தரகரின் எண்ணும் மறைந்தது.

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கரும்பலகைக்கு அழைத்துச் சென்றார். “தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது என்று உனக்குத் தெரியுமா? நீ படிக்கும் அணிக் கணிதம்தான் அது” என்றார். 1998-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் வெளியிட்ட பேஜ்ராங்க் முறையை விளக்கினார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. ஆனால் எல்லாப் பரிந்துரையும் ஒரே எடை அல்ல. பரிந்துரைப்பவரின் மதிப்பு எவ்வளவோ, அதற்கேற்பவே பரிந்துரையின் மதிப்பு. அவர் பலரைப் பரிந்துரைத்தால் அந்த மதிப்பு பங்காகிவிடும்.

ஒரு தெருவில் கொத்தனார், தச்சர், சிற்பி மூவர் இருப்பதாகக் கொள்வோம். கொத்தனார் தச்சரையும் சிற்பியையும் பரிந்துரைக்கிறார். தச்சர் சிற்பியைப் பரிந்துரைக்கிறார். சிற்பி கொத்தனாரை மட்டும் பரிந்துரைக்கிறார். சமன்பாடு எழுதித் தீர்த்தால் சிற்பிக்கு 2/5, கொத்தனாருக்கு 2/5, தச்சருக்கு 1/5. கவனியுங்கள்: கொத்தனாருக்கும் தச்சருக்கும் கிடைத்தது ஆளுக்கு ஒரு பரிந்துரைதான். ஆயினும் கொத்தனாரின் மதிப்பு தச்சரைப் போல் இரு மடங்கு. மதிப்பு மிக்க சிற்பி தம் முழு வாக்கையும் அவருக்கே கொடுத்ததுதான் காரணம். எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட யார் சொன்னார்கள் என்பதே பெரிது!

நான் விலைக்கு வாங்கிய ஆயிரம் இணைப்புகள் யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களிலிருந்து வந்தவை. அப்படிப்பட்ட கூட்டுக் கையொப்பங்கள் ஒரு காலத்தில் பலித்தது உண்டு. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய கடையான ஜே.சி.பென்னி, சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து வந்த இணைப்புகளால் முன்வரிசைக்கு ஏறியிருந்ததை நியூயார்க் டைம்ஸ் இதழ் அம்பலப்படுத்தியது. கூகுள் அக்கடையைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ மாற்றம் இத்தகைய இணைப்புகளைக் கண்டறிவதற்கென்றே வந்தது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால், பொத்தேரிப் பெண்ணின் தந்திரம் எம்மாத்திரம்!

இன்று இணைப்பு மட்டுமே அளவுகோல் அல்ல. வேறு பலவும் உண்டு. தேடல் முடிவுகளின் தரத்தைச் சோதிப்பவர்களுக்குக் கூகுள் ஒரு கையேடு வைத்திருக்கிறது. எழுதியவருக்கு நேரடி அனுபவம் உண்டா, திறமை உண்டா, துறையில் மதிப்பு உண்டா, எல்லாவற்றுக்கும் நடுவே நம்பத்தக்கவரா என்று பார்க்கச் சொல்கிறது அது. இவற்றுள் ‘அனுபவம்’ 2022 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. சோதிப்பவர்கள் தரும் மதிப்பெண் ஒரு தளத்தை நேரே ஏற்றவோ இறக்கவோ செய்யாது. முறை சரியாக வேலை செய்கிறதா என்று அறியவே அது உதவும்.

இதைப் படித்தபோது எனக்கு வள்ளுவர் நினைவுக்கு வந்தார். ஒருவரை ஆராய்ந்து, பிறகு நம்புவதைப் பற்றித் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே அவர் வகுத்திருக்கிறாரே! அமெரிக்கக் கையேடு கேட்கும் கேள்வியைத்தானே மாமா சுத்தியால் கல்லிடம் கேட்கிறார்?

மீண்டும் மாமல்லபுரம் போனேன். திருடிய படங்களையும் பொய்ப் பாராட்டுகளையும் முதலில் நீக்கினேன். மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையார் முதல் கோட்டிலிருந்து கண் திறப்பு வரை வளர்வதை நாள்தோறும் படமெடுத்தேன். கல் எந்த வகை, எத்தனை நாள் வேலை, என்ன விலை, பட்டறை எங்கே, பேச வேண்டிய எண் எது எல்லாவற்றையும் மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். மாவுக்கல்லைக் கருங்கல் என்று விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொன்னதற்கும் ஒரு தனிப் பக்கம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அதன் பொருளையும் விளக்கினேன். மாமா பிள்ளையார் செய்து கொடுத்த ஒரு சிற்றூர்க் கோயிலின் இளைஞர்கள் தங்கள் பக்கத்தில் எங்களுக்கு இணைப்பு கொடுத்தார்கள். காசு கொடுக்காமல் கிடைத்த முதல் பரிந்துரை அது!

எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் இன்னும் முதல் பக்கத்துக்கு வரவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறோம். மூன்று சிலைகளுக்கு முன்பணம் வந்திருக்கிறது. அத்தையின் கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அவர் காதில் வேப்பங்குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலை குனிகிறேன். சிங்கப்பூர்க்காரர் திரும்ப அழைக்கவில்லை.

காலையில் இரயிலுக்குப் புறப்படும்போது எங்கள் திண்ணையைப் பார்க்கிறேன். அம்மாவின் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. எதிர்த் தெரு விடுதியில் தங்கியிருக்கும் வடநாட்டு மாணவன் ஒருவன் நேற்று வந்தான். இன்று இரண்டு பேரை அழைத்து வந்திருக்கிறான். அம்மா பேஜ்ராங்க் படித்ததில்லை. நேற்றைய மாவை இன்று ஊற்றுவதில்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாம் சொல்வதைச் சரிபார்க்க வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் நாம் இருமடங்கு சரிபார்த்துச் சொல்ல வேண்டும். மாமா இன்றும், “நீ சொன்னா சரி” என்றுதான் சொல்கிறார். முன்பு அதைக் கேட்டால் பெருமையாக இருக்கும். இப்போது சற்றுப் பயமாகவும் இருக்கிறது. அந்தப் பயம் நல்லது என்றே நினைக்கிறேன்.