மீன் பெட்டியில் ஒரு காமிரா

காமிராவைக் காரில் வைத்துக்கொண்டு போவதற்கு என்ன பிரமாதமான சாமர்த்தியம் வேண்டும் என்றுதான் ஆரம்பாக்கம் போகும் வரையில் நினைத்திருந்தேன்.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடு முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரி. உப்பேரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரியது. அங்கே இறால் பிடிப்பதில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு நாவலுக்காக அதை விசாரிக்கப் போயிருந்தேன்.

விவரம் சொன்ன பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நான் புறப்படும்போது அவர் மனைவி, "இவரைப் படவுல நிக்க வச்சு ஒரு போட்டோ புடிச்சிக் குடு சார். பேரன் போன்ல இருந்ததெல்லாம் போனோட ஏரியில பூட்ச்சி" என்றாள்.

என் கைபேசியிலேயே எடுத்துக் கொடுத்திருக்கலாம். பிலிமில் எடுத்தால்தான் நிலைக்கும் என்று ஜம்பம். மே மாத வெயிலில் காலையிலிருந்து காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த இரட்டை லென்ஸ் காமிராவை எடுத்து வந்தேன். தொட்டால் சுட்டது. நான்கு படம் எடுத்தேன்.

கழுவிப் பார்த்தால் அந்த நான்கும் வெறும் கண்ணாடி! காமிரா ரிப்பேர்க்காரர் என்னை ஒரு குற்றவாளியைப் போலப் பார்த்தார். பூட்டிய காரில் வெளியே இருப்பதைவிட இருபது டிகிரி கூடுதலாகவே ஏறிவிடுமாம். லென்ஸ் மரையில் தடவிய கிரீஸ் இளகி ஷட்டர் இதழ்களில் படிந்து, அவை ஒட்டிக்கொண்டுவிட்டன. மேல் லென்ஸ் வழியாக நான் பெரியவரை ஆனந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழ் லென்ஸ் கண்ணை மூடியே இருந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். பெரியவர் முழங்கால் வலியால் பாட்டை மகனுக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொன்னேன்.

"மீனை யாராச்சும் வெயில்ல போடுவாங்களா?" என்றாள் அந்த அம்மாள். உள்ளே போய், மீன் விற்கக் கொண்டுபோகும் பழைய தெர்மகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்றும் என் காமிரா அதில்தான் போகிறது. ஐஸ் போடுவதில்லை, ஈரம் லென்ஸில் பூசணம் பிடிக்க வைத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, பிலிம் சுருள்கள், ஒரு பழைய துண்டு. முன் இருக்கைக்குப் பின்னால், தரையில், நிழலில் இடம். ஏ.ஸி. காரிலிருந்து உப்புக் காற்றில் இறங்கினால் அரை மணி நேரம் திறப்பதில்லை. திறந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். எத்தனை கழுவியும் இறால் வாடை போகவில்லை. அதைப்பற்றி வீட்டில் எனக்குக் கிடைக்கும் அர்ச்சனை தனி.

அன்றைக்குத் திண்ணையில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது சார்," என்றாள். "படவுல நின்னாரே, அது வரலையே."