அரைப்பேர்

பழைய வீரகேசரியை நான்காக மடித்து, புத்தகத்தின் முதுகு பொருந்துகிற இடத்தில் நகத்தால் ஒரு கோடு இழுப்பார் அப்பா. கத்தரிக்கோல் எங்கள் காம்பிராவில் இருந்ததில்லை. விறகு சீவுகிற கத்திதான் அதற்கும். டிசம்பர் கடைசி வாரம். மடுல்சீமையில் அப்போது வடகீழ்ப் பருவ மழை; மலை எது, மேகம் எது என்று சொல்ல முடியாது. அடுப்புக்கு மேலே நனைந்த கொங்காணிகள் தொங்கும். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து புத்தகத்துக்கு உறை போடுவோம்.

பாடத்தை விட உறையைத்தான் நான் அதிகம் படித்தேன். தமிழ்ப் புத்தகத்தின் முன்னட்டையில் 'அமைச்சர் கூறி' என்பதோடு செய்தி மடிப்புக்குள் போய்விடும். "கூறி, என்னாப்பா?" என்று கேட்டால், "மிச்சம் கணக்குக் கொப்பியில இருக்கும், தேடு" என்பார். தேடுவேன். சில நேரம் கிடைக்கும். பல நேரம் கணக்குக் கொப்பியில் சினிமா விளம்பரத்தில் பாதி முகம் இருக்கும்.

இப்போது பேத்திக்கு எல்லாம் பழுப்பு உறை. பதுளையில் மகள் வாங்கி, வெட்டி, பெயர் ஒட்டி முடித்துவிட்டாள். ஜனவரி 31க்குள் ஐந்து வயது முடிந்திருந்தால்தான் முதலாம் தரம் என்பது சட்டம். பேத்தி இரண்டு வாரத்தில் தப்பித்தாள். விடுமுறைக்கு அவளை இங்கே கொண்டுவந்து விடும்போதே மகள் சொல்லிவிட்டாள்: "அம்மா, சும்மா வெளயாட விடாதீங்க. நேர்சரியில மத்தப் பிள்ளைங்க எல்லாம் பேர் எழுதுதுங்க. இவ 'அ'வையே படுக்கப்போட்டு எழுதுறா."

முப்பது வருடம் ஆரம்ப வகுப்புகளில் நின்றவள் நான். முதலாம் தரத்தில் முதல் சில வாரங்கள் பாடமே நடக்காது, 'இனங்காணல்' என்று விளையாட்டும் படமும் களிமண்ணுமாகத்தான் போகும், பிள்ளை எப்படிப் பேசுகிறது, எப்படி நிற்கிறது என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எத்தனையோ பெற்றோருக்கு விளக்கியிருக்கிறேன். மகளுக்கு விளக்க முடியவில்லை. டீச்சரின் மகள், அவளுக்குத் தெரியாததா?

என்னை யார் இப்படித் தயார் செய்தார்கள் என்று யோசித்தால் அப்பாயி முகம்தான் வருகிறது. அவளுக்கு எழுதத் தெரியாது. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு. ஆனால் எங்கள் லயத்தில் பொழுது சாய்ந்ததும் நடந்த 'பேர் போடுகிற' விளையாட்டுக்கு அவள் வராமல் இருந்ததில்லை.

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு 'பேர்' என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடிகாலையில் தப்பு அடிக்கும். பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூட, யார் எந்த மலைக்கு என்று கணக்கப்பிள்ளை பிரித்துவிடுவார். ஒரு நாள் வேலை செக்ரோலில் ஏறினால் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தால், பிந்தி வந்தால், அரைப்பேர். மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதில்தான் அரிசியும் மாவும் தீபாவளியும் இருந்தன.

அப்பா அதை அப்படியே பிள்ளை விளையாட்டாக மாற்றியிருந்தார். காம்பிராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக நிற்போம், பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகளும் சேர்த்து ஏழெட்டுப் பேர். கையில் பழைய கொப்பியோடு அப்பா வருவார். "இன்னைக்கு எந்த மலை?" என்று கத்துவோம். "மானா மலை!" 'ம'வில் தொடங்குகிற சொற்களைக் கொண்டுவர வேண்டும். சொல்தான் கொழுந்து. பத்துச் சொல் போட்டால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். நேற்றுச் சொன்னதை இன்றைக்கும் சொன்னால், "முத்தின இலை, கழிச்சாச்சு" என்பார். கடைசியில் நிறுவை. அங்கேதான் அநியாயம். பத்தும் சரியாகச் சொன்னவளிடம்கூட முகத்தை இறுக்கிக்கொண்டு, "தண்ணிக்கு ரெண்டு கழிச்சா எட்டு. அரைப்பேர்" என்பார். ஈரக் கொழுந்துக்கும் கூடைக்கும் என்று நிறுவையில் கழிக்கிற வழக்கம் பெரியவர்களுக்குத் தெரியும், அவர்கள் சிரிப்பார்கள். நாங்கள் அழுவோம். ஆகவே மறுநாள் பன்னிரண்டு சொல் தேடுவோம். அப்பாவின் சூத்திரம் அதுதான் என்று நானே டீச்சராகி வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

அப்பாயிக்கு வேறு தந்திரம். எழுத்துத் தெரியாவிட்டாலும் காது இருந்தது. எந்த மலையானாலும் கொழுந்தையே கொண்டுவருவாள். மானா மலைக்கு 'மலைக் கொழுந்து'. பானா மலைக்கு 'பச்சைக் கொழுந்து'. ஈனாவுக்கு 'ஈரக் கொழுந்து'. ஒரு நாள் அப்பா வேண்டுமென்றே 'ஞானா மலை' என்றார். அப்பாயி கொஞ்சம் யோசித்து, "ஞாயித்துக்கெழமைக் கொழுந்து" என்றாள். "அது ரெண்டு சொல்லு ஆத்தா, அரைப்பேர்தான்." "எந்தக் கணக்கப்பிள்ளைடா கெழவிக்கு முழுப்பேர் போட்டான்" என்று வெற்றிலையை மடிப்பாள். ஞாயிற்றுக்கிழமைக் கொழுந்து 'கைக்காசு' என்று தனியாகக் கணக்காகும், அதற்குப் பேரே கிடையாது என்பது அவளுக்கு மட்டும் உள்ள நகைச்சுவை.

விடுகதையும் அவளே கட்டுவாள். "கிள்ளக் கிள்ளக் கொமரி, கிள்ளாட்டிக் கெழவி, அது யாரு?" விடையைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் எல்லா விடுகதைக்கும் அதுதான் விடை.

பள்ளிக்கூடம் என்பது அப்போது ஒரே மண்டபம். ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார், சில வருடம் அவருடைய மனைவியும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் படிப்புக்கு வழி செய்யச் சொல்லித் தோட்டத்தின் பொறுப்பில் விட்டது. பத்துக்குப் பிறகு என்ன என்று அது கேட்கவில்லை, மலை இருந்தது. 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோதும் எங்கள் மண்டபம் துரையின் மண்டபமாகவே இருந்தது. 1977க்குப் பிறகுதான் தோட்டப் பள்ளிகள் கட்டம் கட்டமாக அரசின் கைக்கு முழுதாக வந்தன. அந்த மண்டபத்தைக் குறை சொல்லத்தான் வேண்டும். ஆனால் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் காதால் களவெடுக்கிற வசதி அங்கே மட்டும்தான் உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பும் இப்படியான ஒரு மண்டபத்திலிருந்து வந்தவர்தான். 1934இல் இதே பதுளை மாவட்டத்தின் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். அவருடைய அப்பா தோட்டப் பள்ளி ஆசிரியர். பேனா பிடித்த காலமெல்லாம் லயத்துப் பேச்சை லயத்துப் பேச்சாகவே எழுதினார். அவருடைய கதையில் முதன்முதலாக 'இஸ்தோப்பு' என்ற சொல்லை அச்சில் பார்த்தபோது, எங்கள் வீட்டுக்குள் யாரோ செருப்போடு வந்துவிட்டது போல ஒரு பதற்றம் எனக்கு.

பதறியதற்குக் காரணம் இருந்தது. என் முதல் வாசிப்புப் புத்தகத்தில் ஒரு கிணறு இருந்தது. கப்பி, வாளி, கயிறு, தண்ணீர் மொள்ளும் அம்மா, எல்லாம் படத்தில். நாங்கள் கிணற்றைக் கண்டதில்லை. மலையில் எதற்குக் கிணறு? ஊற்றிலிருந்து மூங்கிலோ தகரமோ வைத்து இறக்கினால் பீலி. அங்கேதான் குளியல், சண்டை, ஊர்க்கதை. பிறகு மேல்வகுப்புக்காக ஒரு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறோம் என்று கேட்டபோது "பீலியில" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். "மயில் பீலியா?" என்றார். அவர் அறிந்த பீலி மயிலிறகு. அவர் சொன்னதும் நல்ல தமிழ்தான், நான் சொன்னதும் நல்ல தமிழ்தான். அது அன்றைக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாயியிடம், இனிமேல் பீலி என்று சொல்லாதே, குழாய் என்று சொல் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

லயம் என்ற சொல்லுக்கே இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஆங்கில 'லைன்'தான் தமிழில் லயமானது என்பார்கள். இல்லை, குதிரை கட்டுகிற லாயம்தான் குறுகிவிட்டது என்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த எனக்கு இரண்டாவதில்தான் ஒட்டுதல். இலக்கணக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

ஜனவரி என்றால் இன்னொன்றும் உண்டு. புது இடாப்பு. வாத்தியார் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களைத் தாண்டிப் போவார். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் அதையும் பாதிப் பாதியாக்கினார்கள். எங்கள் வகுப்பில் அது பலகையில் விழுந்த இடைவெளியாகத் தெரிந்தது. 1973, 74 பஞ்ச காலம். மாவுக்கு வரிசை. அந்த வருடம் அப்பாவின் விளையாட்டில் எந்த மலைக்குப் போனாலும் நாங்கள் கொண்டுவந்த சொற்களில் பாதி சாப்பாட்டுச் சொற்கள். அப்பா எதையும் முத்தின இலை என்று கழிக்கவில்லை. தண்ணிக்கும் கழிக்கவில்லை. எப்போதும் முழுப்பேர் போட்டார். அது எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பஞ்சத்தோடுதான் என் கூட்டாளி தலைமன்னாரில் கப்பலேறினாள். டிரங்குப் பெட்டியில் என் சிலேட்டுக் குச்சி இரண்டு அவளோடு போனது. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் தொடர்பில்லை. அவளுடைய மகன் முகநூலில் மடுல்சீமை என்று தேடித் தேடி எப்படியோ என் மருமகனிடம் வந்து சேர்ந்தான். கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்தில் இருக்கிறாள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு போட்ட தேயிலை. தாயகத்துக்குப் போயும் கூடை முதுகில்தான். முதல் அழைப்பில் இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு கேட்டாள்: "அப்பா பேர் போடுவாரே, அந்த வெளயாட்டு இன்னும் இருக்கா?"

அது 2021. இங்கே 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடங்கள் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தன. பாடம் வாட்ஸ்அப்பில் வரும், சிக்னல் வராது. பக்கத்தில் லுணுகலைப் பகுதியில் காட்டுக்குள் சுமார் 30 அடி உயர மரக்குடில் ஒன்றில் ஏறித்தான் பிள்ளைகளுக்கு இணையம் கிடைத்தது. பெரியவர்கள் துணைக்குப் போனார்கள், உலகச் செய்தியாகவே வந்தது. எங்கள் லயத்தில் ஏறுவதற்கு மரக்குடிலும் இல்லை. ஒரு போனைச் சுற்றி நாலு பிள்ளைகள், டேட்டாக் கார்டுக்கு அரைப்பேர்ச் சம்பளம். கூடலூரில் அந்த வருட அக்டோபருக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' என்று வந்தது, லயத்து வாசலுக்கே தன்னார்வப் பெண் ஒருத்தி சாயங்காலம் வந்து பேரனுக்குக் கதை சொல்லிக்கொடுக்கிறாள் என்று கூட்டாளி பெருமையாகச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். அன்றைக்கே பழைய கொப்பி ஒன்றைத் தேடி எடுத்து, முகக்கவசத்தோடு ஆறு பிள்ளைகளை இஸ்தோப்பில் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். "இன்னைக்கு எந்த மலை டீச்சர்?"

அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டே கால் வழுக்கிப் போயிற்று. 2022இல் ஏப்ரலில் தொடங்கியது, 23இல் மார்ச் கடைசி, 24இல் பெப்ரவரி, 25இல் ஜனவரி கடைசி. மெல்ல மெல்ல மலையேறி ஜனவரிக்குத் திரும்பியிருக்கிறது. புத்தகம் 1980இலிருந்து இலவசம், சீருடைத் துணி 1993இலிருந்து. அப்பாவிடம் சொன்னால் நம்பமாட்டார். உறைக்கு வீரகேசரி போதாதா என்று மட்டும் கேட்பார்.

நேற்றும் மழை. பேத்தி படுத்திருந்த 'அ'வை நிமிர்த்த நான் முயலவில்லை. சாக்கைத் தலையில் போட்டு நிறுத்தினேன். சின்னவள் என்பதால் ஐந்து சொல்லுக்கு ஒரு பேர் என்று ஒப்பந்தம். வானா மலை.

"வானம்." ஒன்று. "வண்டி." இரண்டு. "வாழைப்பழம்." மூன்று. பிறகு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பீலி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. இப்போது அது கறுப்புக் குழாய்தான். நாங்கள் பீலி என்றுதான் சொல்கிறோம். "வத்துர!" என்றாள். பதுளையில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடுகிறவள்.

கூட்டிப்போக வந்திருந்த மகள் உள்ளேயிருந்து, "அது சிங்களம். தமிழ்ல சொல்லு" என்றாள்.

நான் நாலு என்று குறித்துக்கொண்டேன். "வெத்தல" என்று ஐந்தாவதையும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அப்பாவின் முகத்தை வரவழைத்துக்கொண்டு, "தண்ணிக்கு ஒண்ணு கழிச்சா நாலு. அரைப்பேர்" என்றேன்.

பேத்தி அழவில்லை. "தண்ணியக் கழிக்க ஏலாது அம்மாயி. தண்ணியத்தானே நான் சொன்னேன்!"

அரை என்று எழுதியதை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். கொப்பி ஈரத்தில் ஊறியிருந்தது, மை பிடிக்கவில்லை. இரண்டு தரம் எழுத வேண்டியிருந்தது.