கடலுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்குக் கடல் என்றால் ஒரு கிறுக்கு உண்டு. உங்களுக்கும் இருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறப்பதைப் பார்த்தே வளர்ந்த கண்கள் நம்முடையவை. எட்டிய தூரம் வரை தண்ணீர் என்றால் சும்மா இருக்குமா? திருச்செந்தூரோ கன்னியாகுமரியோ, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கரையேற மனசில்லாமல் நிற்பவரிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். "கோயமுத்தூர் பக்கமுங்க" என்பார்.

வேடிக்கை பார்க்கிற வரை வம்பில்லை. "இங்கயே ஒரு எடம் வாங்கிப் போட்டா என்ன?" என்று தோன்றுகிறது பாருங்கள், அங்கேதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

அவிநாசியில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பவர். திருப்பூருக்கு வந்த ஸ்பெயின் நாட்டு பையர் ஒருவர், செல்போனில் தன்னுடைய கடலோர வீட்டைக் காட்டியிருக்கிறார். வெள்ளைச் சுவர், நீலக் கடல், பால்கனியில் ஒரு நாற்காலி. அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கமில்லை. ஸ்பெயினுக்குப் போக முடியாது, மாமல்லபுரத்துக்குப் போகலாமே! ஊரில் இருக்கும் காட்டில் ஒரு ஏக்கரை விற்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனையும் சின்னதாக ஒரு வீடும். மொத்தம் 60 லட்சம். "நீ பி.காம். படிச்சவனாச்சே கண்ணு, ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "அறுபது வருசமாக் கேட்டு வாங்குன அத்திக்கடவுத் தண்ணி இப்பத்தான் கொளத்துக்கு வந்திருக்குது. இந்த நேரத்துல காட்ட வித்துப்போட்டு, வாயில வெக்க முடியாத தண்ணியப் பாக்கறதுக்கு அறுபது லச்சமா?"

அத்தை சொன்னதில் நியாயம் இல்லையா? அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி தொடங்கப்பட்டது. பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிற திட்டம். தண்ணீர் வரும் வரை காத்திருந்துவிட்டு, வந்த பிறகு காட்டை விற்பதா?

சரி, என் பங்குக்குக் கணக்குப் போட்டேன். ஒரு பேச்சுக்கு, அந்த 60 லட்சம் 7 சதவீத வட்டியில் பாங்கில் இருந்தால் வருஷத்துக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். பனியன் தொழில் பார்ப்பவர் வருஷத்தில் எத்தனை நாள் போய்க் கடலோரம் உட்காருவார்? தாராளமாகப் பத்து நாள் வையுங்கள். ஒரு நாள் கடல் பார்க்க 42 ஆயிரம் ரூபாய். வாட்ச்மேன் சம்பளமும், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கிரில்லும் தனி. இந்தக் காசுக்கு நல்ல ஓட்டலிலேயே ராஜா மாதிரி இருக்கலாம்.

"எடத்து மதிப்பு ஏறுமில்ல?" என்றார் மாமா. ஏறலாம். ஆனால் அது உங்கள் இடமாகவே இருக்க வேண்டுமே!

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாம் இடம் வாங்கினால் என்ன பார்ப்போம்? மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம். வில்லங்கச் சான்றிதழ் என்பது, அந்த இடத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். அதாவது மனிதர்கள் செய்த வில்லங்கம்தான் அதில் வரும். கடல் செய்கிற வில்லங்கம் வராது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று ஒன்று உண்டு. 1991-ல் மத்திய அரசு அறிவித்தது. 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். கடல் உச்சமாக ஏறி வருகிற கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாட்டில் வரும். அதற்குள்ளும் கரையை ஒட்டிய பகுதியில் புது வீடே கட்டக் கூடாது என்று ஒரு எல்லை. அது ஊருக்கு ஊர், நிலத்தின் வகைக்குத் தகுந்த மாதிரி மாறும். உங்கள் சர்வே நம்பர் எங்கே விழுகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் பதிந்துவிட்டதாலேயே கட்ட அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை.

நம்பிக்கை வரவில்லையா? அவிநாசி வழியாகப் போகிற நெடுஞ்சாலையிலேயே கொச்சி வரை போங்கள். பக்கத்தில் மரடு. காயலோரம் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள். உள்ளாட்சி அனுமதி இருந்தது, பத்திரம் இருந்தது, வரி கட்டிய ரசீது இருந்தது. கடலோர விதியை மீறியவை என்று 2019 மே 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில விநாடிகள்தான், மொத்தமும் புழுதி. இடைக்கால நஷ்டஈடாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது கோர்ட். வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்களுக்கு அது எந்த மூலைக்கு?

மாமா மயங்கிய ஸ்பெயின் மட்டும் என்ன? 1988-ல் அங்கே வந்த கடற்கரைச் சட்டம், கரையைப் பொதுச்சொத்து என்றது. கோட்டுக்கு உள்ளே மாட்டிய வீடுகளின் சொந்தக்காரர்கள் பலர், சொந்த வீட்டிலேயே குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க அனுமதி பெற்றவர்களாகிப் போனார்கள்.

யோசித்தால் அதுவும் சரிதான். நம் கரையிலும் வலை காயப்போடுகிறவர்களும் படகு இழுத்து நிறுத்துகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கடலும் தன் பங்குக்கு வந்து போகும். 2004 டிசம்பர் 26-ஐ மறந்துவிட முடியுமா?

ஆசை விடவில்லை என்றால், இதைச் செய்யுங்கள். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். அதுவும் ஜனவரியில் அல்ல, நவம்பர் மழையில். அந்த ஊர்க்காரரிடம் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். சர்வே நம்பரை வாங்கிக் கடலோர வரைபடத்தில் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா, ரெரா பதிவு தேவையென்றால் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் முடியும் வரை, ஊரில் இருக்கும் காட்டுக்கு அட்வான்ஸ் வாங்காதீர்கள். மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் வரைபடம் கேட்ட நாளிலிருந்து, தினமும் போன் பண்ணிக்கொண்டிருந்த புரோக்கர் வாரத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டாராம்.

அவிநாசித் தலபுராணம் உங்களுக்குத் தெரியும். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டார். அதுவும் விழுங்கிய வயதில் அல்ல, இடையில் போன வருஷங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக! அசலோடு வட்டியும் சேர்ந்து திரும்பி வந்த கணக்கு, நான் அறிந்து அது ஒன்றுதான். நமக்குப் பாடத் தெரியாது. குளத்தில் இறங்கும் முன் முதலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம்.