கண்ணாடிக்குள் பங்காளி

மாசி பிறந்ததும் எங்கள் தெருவில் ஸ்கூட்டர் கண்ணாடிகளுக்கு முக்காடு விழுந்துவிடும். எதிர்வீட்டு வண்டிக்குப் பழைய பனியன். அடுத்த வீட்டுக் காருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சாக்ஸ். என் வண்டிக்கு யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை, மணமக்கள் பெயர் வெளியே தெரிகிற மாதிரி. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ பரிகாரம் என்று நினைப்பார்கள். பரிகாரம்தான். பத்து கிராம் தேறாத ஒரு பறவைக்குப் பயந்து செய்தது.

ஊதாத் தேன்சிட்டு என்று பெயர். மழைக்காலம் முழுக்க அந்த ஆண் பறவையைப் பார்த்தால் பெரிய மரியாதை ஒன்றும் தோன்றாது. பெட்டையைப் போலவே மேலே மங்கல், கீழே வெளிர் மஞ்சள். தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் ஒரு கருங்கோடுதான் ஆண் என்பதற்கு அத்தாட்சி. தை கழியும்போது அங்கங்கே திட்டுத்திட்டாகக் கறுக்கும். அப்புறம் ஒருநாள் பார்த்தால் உடம்பெல்லாம் நிழலில் கறுப்பு, வெயிலில் நீலமும் ஊதாவும். அந்தச் சட்டையைப் போட்டதிலிருந்து குணமும் மாறிவிடுகிறது.

பஞ்சாங்கத்தைக் கேட்டால் இளவேனில் சித்திரையில்தான் என்கிறது. பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் நடுப்பகலில் வெளியே நின்று அதை இளவேனில் என்று சொல்ல எனக்கு நா எழாது. எங்கள் ஊருக்கென்று ஒரு வசந்தம் உண்டென்றால் அது மாசியிலும் பங்குனி முற்பாதியிலும், காலை எட்டு மணிக்குள், முருங்கை பூத்திருக்கிற பக்கமாக வந்துவிட்டுப் போகிறது. பறவைகள் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. செம்மார்புக் குக்குறுவான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள அத்தியில் உட்கார்ந்து ஒரே சுருதியில் தட்டத் தொடங்குவதும், குயில் விடியுமுன் தொண்டையைத் திறப்பதும், கண்ணாடிச் சண்டை மூள்வதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில்.

சண்டையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். முதலில் பிரேக் பிடியில் வந்து உட்காரும். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கண்ணாடியை நோட்டம் விடும். பிறகு இறக்கையைச் சற்றே விரிக்கும். கக்கத்தில் அதுவரை ஒளித்துவைத்திருந்த மஞ்சளும் செம்மஞ்சளுமான குஞ்சம் அப்போது தெரியும். எதிராளியும் அதே குஞ்சத்தைக் காட்டுவான். அவ்வளவுதான். செங்குத்தாக எழும்பி, நெஞ்சை முன்தள்ளி, அலகால் டிக் டிக்கென்று கொத்திக்கொண்டே மேலே போகும், நகம் பிடிமானமில்லாமல் சறுக்கிக் கீழே வரும், மறுபடி எழும்பும். நடுவில் ஓர் உபாயம் தோன்றும். சட்டென்று கண்ணாடிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கும். அங்கே கறுப்பு பிளாஸ்டிக்கைத் தவிர யாரும் இல்லை. ஓடிவிட்டான் என்று முன்பக்கம் வந்தால், அங்கேயே நிற்கிறான்.

“அது மண்டைய உடைச்சிக்கிடப் போகுது. அந்தப் பையப் போட்டு மூடுங்க” என்பாள் வீட்டுக்காரி. மூடினால் பையின் மேலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் காவல் இருந்துவிட்டு, எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போய்விடும். அங்கேயும் ஒருவன் இருக்கிறான்.

இதில் என்னை இழுத்தது சண்டை அல்ல, அதன் தேர்வு. அதே செம்பருத்திக்குக் கொண்டைக்குருவி வருகிறது, தையல்சிட்டு வருகிறது, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறுகின்றன. இவன் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இவன் சாயலிலேயே, அலகு மட்டும் இன்னும் நீண்டு வளைந்த லோட்டன் தேன்சிட்டும் வரும். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு கவர்னராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு. பறவைகளைப் படமாக வரையவைத்துச் சேர்த்த மனிதர் அவர். கவர்னர் கப்பலேறிப் போய்விட்டார். பெயர் என் முருங்கையில் தேன் குடித்துக்கொண்டிருக்கிறது. அதையும் இவன் ஒப்புக்கு ஒரு விரட்டு விரட்டுவதோடு சரி. முழு ஆத்திரமும் தன்னைப் போலவே இருக்கிறவன் மேல்தான். ஒரே பூ, ஒரே கிளை, ஒரே பெட்டை வேண்டும் என்கிற இன்னொருவன் மேல். ஒரே இனத்துக்குள்தான் போட்டி மிகக் கடுமை என்று டார்வின் 1859இல் எழுதினார். எங்கள் ஊரில் அதற்குப் புத்தகம் தேவைப்பட்டதில்லை. பங்காளி என்றால் போதும்.

டேவிட் லாக் என்ற ஆங்கிலேயர் இந்த விவகாரத்தை 1930களில் துருவிப் பார்த்தார். டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரத்தில் ராபின்களின் காலில் வண்ண வளையம் மாட்டி ஒவ்வொன்றின் வாழ்க்கையையும் பின்தொடர்ந்து, 1943இல் அதைப் புத்தகமாக்கினார். பாடம் செய்த ராபின் ஒன்றைத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தார். அந்த இடத்துக்குச் சொந்தக்காரப் பறவை வந்து அதைத் தாக்கியது. தலை போன பிறகும் தாக்கியது. பறவையே வேண்டாம் என்று நெஞ்சுச் சிவப்பு இறகுகளை மட்டும் ஒரு கொத்தாகக் கட்டி வைத்தார், அதையும் மிரட்டியது. நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இன்னொன்று. பொம்மையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் தற்செயலாகத் திரும்பிப் பார்க்கிறார். ஒரு பெட்டை ராபின் திரும்பி வந்து, பொம்மை இருந்த அதே இடத்தில், வெறும் காற்றை ஆங்காரமாகக் கொத்திக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

ஊரில் பெரியப்பா வீடு கீழவீடு. ஒட்டினாற்போல மேலவீடு, அவருடைய சித்தப்பா மகனுடையது. எனக்குச் சித்தப்பா முறை. நடுவில் கிளுவை வேலி. கிளுவை உயிர்வேலி அல்லவா, மழைக்கு மழை தழைக்கும். வெட்டி ஊன்றுகிறபோது ஒரு கம்பு இந்தப் பக்கம் தள்ளி விழும், இன்னொன்று அந்தப் பக்கம். சில வருஷங்களில் வேலி நடந்துவிட்டது என்று பெரியப்பா சொன்னார். கிழக்கே பார்த்து வந்திருக்கிறது என்றார். மேற்கே போயிருக்கிறது என்றார் மேலவீட்டுச் சித்தப்பா. வேலி நடுவில் ஒரு முருங்கை. நட்டது தாத்தா என்பதில் இரண்டு வீட்டுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எந்தத் தாத்தா என்பதில்தான்.

முன்சீப் கோர்ட்டில் தொடங்கியது. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். அவர் அளவு சரியில்லை என்று கோர்ட்டே அட்வகேட் கமிஷனரை அனுப்பியது. அவர் வந்த அன்று இரண்டு வீட்டிலும் இளநீர் சீவிவைத்திருந்தார்கள். எந்த வீட்டு இளநீரைக் குடித்தாலும் ஆட்சேபணை வரும் என்று மனிதர் தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பெரியப்பாவின் கட்டு, அதாவது வழக்குக் காகிதங்களைச் சுற்றிக் கட்டிய துணி மூட்டை, வருஷத்துக்கு வருஷம் பெருத்தது. “ஒரு சாண்தானே அண்ணாச்சி, விட்டுத் தொலையுங்க” என்று யாராவது சொன்னால், “இன்னைக்கு ஒரு சாண விட்டா நாளைக்கு என் தார்சாவுல வந்து பாய் விரிப்பான்” என்பார். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் முருங்கைத் தோப்பே வாங்கியிருக்கலாம் என்று பெரியம்மை சொல்வதும், அவர் காது கேளாதவர்போல வெற்றிலையை எடுப்பதும் தினசரி நடப்பு.

ஓர் ஆடிக் காற்றில் முருங்கை முறிந்து விழுந்தது. முருங்கைக்கு அதுதானே சுபாவம். விழுந்த மரத்தை யார் அப்புறப்படுத்துவது என்று நாலு நாள் கிடந்து, கடைசியில் ஆடுகள் தழையைத் தின்று தீர்த்தன. வழக்கு மட்டும் விழாமல் நின்றது. தபசிலில் “முருங்கை மரம் ஒன்று” என்று இருப்பதை வக்கீல் எடுக்கச் சம்மதிக்கவில்லை. எடுத்தால் நம் பக்கம் பலவீனமாகிவிடும் என்றார். மரம் இருந்த இடத்தை இரண்டு வீட்டாரும் அதற்குப் பிறகும் கொத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிறகு மேலவீட்டுச் சித்தப்பா இறந்துபோனார். பெரியப்பா அன்று நடந்துகொண்ட விதத்தை ஊரில் இன்றும் சொல்வார்கள். முதல் ஆளாகப் போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடை கட்டுகிறவனை அதட்டி வேலை வாங்கினார். பங்காளிக்குப் பங்காளி தீட்டு உண்டு. முறைப்படி தீட்டுக் காத்து, மொட்டையடித்து, பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை கோயில் பக்கம் போகவில்லை. பந்தியில் உட்காராமல் நின்று பரிமாறினார். அழுதாரா என்று தெரியாது. தோளில் கிடந்த துண்டு நாள் முழுக்க முகத்தில்தான் இருந்தது. பதினேழாம் நாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி வக்கீல் வீட்டுக்குப் போனார், இறந்தவரின் வாரிசுகளை வழக்கில் கட்சி சேர்க்க. அதற்குச் சட்டம் 90 நாள் அவகாசம் தருகிறது. அவ்வளவு நாள் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. துக்கமும் உண்மை, வழக்கும் உண்மை. ஆனால் தேன்சிட்டோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. சிட்டின் கோபம் அதன் சொந்தக் கோபம் அல்ல. வெளிச்சம் கொடுத்துவைத்த கோபம்.

1920களில் கனடாவில் எட்மன்ட்டன் நகரத்தில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர், கொட்டுகிற பனியில் ஜங்கோ என்னும் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்து, பொழுது சாய்ந்த பிறகும் மின்விளக்கு போட்டார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்ச நேரத்தைக் கூட்டினார். கடுங்குளிரிலேயே அவற்றின் உடம்பு வசந்தத்துக்குத் தயாராகிவிட்டது. சுருங்கிக் கிடந்த விரைகள் பெருத்தன. அடுத்த பத்தாண்டில் பிரான்ஸில் ழாக் பென்வா வாத்துகளை வைத்து ஆராய்ந்து இன்னும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்: கண் இல்லாத வாத்துக்கும் அப்படியே ஆயிற்று. வெளிச்சம் மண்டையோட்டைக் கடந்து நேரே மூளைக்குப் போகிறது. பகல் நீள்வதைப் பறவை பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, தலைக்குள் வாங்கிக்கொள்கிறது.

எட்மன்ட்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். திருநெல்வேலிச் சீமையில் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். இதை வைத்துக்கொண்டு பறவை என்ன செய்யும் என்று நானும் நினைத்ததுண்டு. நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது டிகிரி வடக்கே கிடக்கிற பனாமாக் காட்டில் எறும்புப் பறவை ஒன்றைச் சோதித்து, பன்னிரண்டு மணி நேரப் பகல் வெறும் 17 நிமிஷம் கூடினாலே அதற்குத் தெரிகிறது என்று 1998இல் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் 17 நிமிஷம் தாமதமாக வருவதை யாரும் கவனித்ததே இல்லை. வெப்பமண்டலத்தில் வெளிச்சத்தோடு மழையும் பூவும் பூச்சியும் சேர்ந்துதான் நாள் குறிக்கின்றன; ஆனாலும் அந்தச் சிறு மண்டைக்குள் நிமிஷக் கணக்குப் பார்க்கும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதைவிடப் பிடித்தது அது நிற்கிற விதம். குளிர்நாட்டுப் பறவைகள் பலவற்றில், பகல் இன்னும் நீளமாக இருக்கும்போதே உடம்பு போதும் என்று தானே கதவைச் சாத்திவிடுகிறது. எந்த வெளிச்சம் மூட்டிவிட்டதோ அதே வெளிச்சம் தலைக்குமேல் எரிந்துகொண்டிருக்க, பெருத்தது சுருங்குகிறது, இறகு உதிர்கிறது, எல்லை காப்பது ஓய்கிறது. காரணம் அப்படியே இருக்கிறது, கோபம் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுத் தேன்சிட்டும் குஞ்சு பொரித்துப் பறக்கவிட்டு, ஊதாச் சட்டையைக் கழற்றிய பிறகு, மூடாத கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து இறகு கோதும். உள்ளே இருக்கிறவனும் கோதுவான். இவன் திரும்பியும் பார்க்கமாட்டான்.

பெரியப்பாவின் வழக்கு, அவர் காலத்துக்குப் பிறகு, இரண்டு வீட்டையும் சேர்த்து ஒருவர் விலைக்குக் கேட்டதால் ஒரே மத்தியானத்தில் ராஜியானது. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றாகக் காப்பி குடித்தார்கள். அந்த ராஜி நகலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். பறிபோன இடத்தை மீட்க 12 ஆண்டு. கொடுத்த கடனைக் கேட்க 3 ஆண்டு. கட்சிக்காரர் இறந்தால் வாரிசைச் சேர்க்க 90 நாள். மனிதனின் கோபம் எப்போது தொடங்கலாம் என்பதற்கு இவ்வளவு நுணுக்கமாகக் கெடு வைத்தவர்கள், எப்போது முடிய வேண்டும் என்பதற்கு ஒரு பிரிவுகூட எழுதவில்லை.