திரும்பி வர ஒரு வழி

கணினியில் பாடம் தயாரிக்கிறவர்கள் முதலில் போடுவது மெனு. பத்துப் பன்னிரண்டு தலைப்பு, ஓரத்தில் ஒரு படம், கீழே இரண்டு அம்புக்குறி. மாணவன் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போய்க்கொள்ளட்டும் என்று நினைப்பு. ஓட்டல் மெனுவைப் பார்ப்பவருக்கு ரவா தோசை என்றால் என்னவென்று முன்பே தெரியும். கணக்குப்பதிவியல் படிக்க வந்தவன் 'அனாமத்துக் கணக்கு', 'ஐயக்கடன் ஒதுக்கு' என்ற தலைப்புகளைப் பார்த்து எதைச் சொடுக்குவான்? அதெல்லாம் தெரிந்தால் அவன் ஏன் பாடத்துக்கு வரப்போகிறான்!

சரி, மெனுவே வேண்டாம், நேர்கோடாகக் கொண்டுபோய்விடலாம் என்றால், 1950-களிலேயே பி.எஃப். ஸ்கின்னர் தன் போதனை இயந்திரங்களில் அதைச் செய்து பார்த்துவிட்டார். சின்னச் சின்ன அடி, விடை எழுது, சரிபார், அடுத்தது. வழி தவறாது, ஆனால் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே வரிசையில் ஊர்ந்தாக வேண்டும். நார்மன் க்ரௌடர் புத்தகத்தையே கலைத்துப் போட்டார். ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண். தப்பான விடையைத் தேர்ந்தவன் போய்ச் சேரும் பக்கம், அது ஏன் தப்பு என்று விளக்கிவிட்டு அவனை மறுபடி கேள்விக்கே அனுப்பும்.

இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். தேய்மானக் கணக்கு ஒன்றைப் பாதி போட்டுக்கொண்டிருக்கிறான் ஒருவன். 'எஞ்சிய மதிப்பு' புரியவில்லை, சொடுக்குகிறான். விளக்கம் வருகிறது, படிக்கிறான். மூடினால் முகப்புப் பக்கம்! பாதி போட்ட கணக்கு போயே போச்சு. இரண்டு தடவை இப்படி ஆனால் மூன்றாம் தடவை சந்தேகமே கேட்க மாட்டான். வடிவமைத்தவரைத் திட்டினாலாவது பரவாயில்லை, பெரும்பாலும் 'நமக்கு இது மண்டையில் ஏறாது' என்று தன்னையே நொந்துகொண்டு மூடிவிடுவான்.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் 1960-ல் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பில் இதை அழகாகத் தீர்த்திருந்தார்கள். 1970-களில் வந்த அதன் விசைப்பலகையிலேயே நெக்ஸ்ட், பேக், ஹெல்ப் என்று தனித்தனி விசைகள். பாடத்தின் நடுவே ஹெல்ப்பை அழுத்தினால் கணினி அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு உதவிப் பகுதிக்குக் கூட்டிப்போகும். அது முடிந்ததும் அதே இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். டேர்ம் என்று இன்னொரு விசை. அதை அழுத்தி ஒரு சொல்லைத் தட்டினால், பாடம் எழுதியவர் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வைத்திருக்கிற பட்சத்தில் அது வரும். எந்தத் தலைப்பின்கீழ் இருக்கும் என்று மாணவன் ஊகிக்க வேண்டியதில்லை. பாடம் எழுதுகிறவர்களுக்கும் தனியே டியூட்டர் என்ற நிரல்மொழி இருந்ததால், 'இங்கே உதவி கேட்டால் இங்கே போ' என்பதை ஒரே கட்டளையில் சொல்லிவிட முடிந்தது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதே அல்ல. குறிப்பேட்டில் பே.ப.எ. என்று ஒரு ஒல்லிக் கட்டம் இருக்குமே, பரீட்சையில் பலரும் காலியாக விடுவது, அதில் பேரேட்டின் பக்க எண். பேரேட்டில் கு.ப.எ. கட்டத்தில் குறிப்பேட்டின் பக்க எண். பதிவிலிருந்து கணக்குக்குப் போகலாம், கணக்கிலிருந்து அதே பதிவுக்குத் திரும்பலாம். இருப்பாய்வு ஒட்டாமல் போகிற அன்று, எங்கே தப்பு என்று தேட அந்த இரண்டு கட்டமும்தான் உதவும்.